அப்பாவுக்குக் காலை மாத்திரை கொடுத்தேனா, இல்லையா?

கீழவாசல் மகள்:
எங்களுக்குத் தஞ்சாவூர். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. காலை மாத்திரையை இட்லிக்கு முன்னால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். நாலு வருஷமாக அதே அலமாரி, அதே எவர்சில்வர் டம்ளர். போன செவ்வாய்க்கிழமை அவர் உள்ளங்கையில் மாத்திரையை வைத்ததும் வாசலில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. மகனின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தால் மாத்திரை அட்டை மேஜையில் கிடக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை என்றே தோன்றியது. இன்னொன்று பிரித்துக் கொடுத்தேன். அப்பாவும் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பத்தரை மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பேப்பரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. சர்க்கரை பார்த்தால் 58. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் என் கையை நம்ப முடியவில்லை. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் மனசிலேயே இருக்கிறது. 41 வயதில் இதை மட்டும் எப்படித் தவறவிட்டேன்? உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

வார்டு சிஸ்டர்:
அக்கா, நீங்கள் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது சரி. 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை என்றால் ஏறிய சர்க்கரை திரும்பவும் இறங்கும்; அதனால்தான் இருக்கவைத்திருப்பார்கள்.

இனிமேல் 'கொடுத்தேனா' என்ற சந்தேகம் வந்தால் கொடுக்காதீர்கள், டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். வார்டில் நோயாளி விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் சார்ட்டில் கையெழுத்துப் போடுவோம். வீட்டுக்கு, கிழமை போட்ட ஏழு அறை டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். ஞாயிறு இரவு நிரப்பி வையுங்கள். புதன் அறை காலி என்றால் புதன் மாத்திரை உள்ளே போய்விட்டது. சில மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரிக்கக் கூடாது, அதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற விஷயங்களிலும் மறதி வந்தால் தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது?

உளவியல் வாத்தியார்:
மறதி என்று பயப்படாதீர்கள். நாலு வருஷம் ஒரே மாதிரி செய்த வேலை நாளுக்கு ஒரு தனி அடையாளத்தை மனசில் விடுவதில்லை. திங்கள் கொடுத்ததும் செவ்வாய் கொடுத்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். 1970களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் டீ போட்டுக்கொண்டிருந்தபோது பூனை பசியில் கத்தியது. பூனைத் தீனியை டீ பாத்திரத்துக்குள் போட்டுவிட்டார். அப்புறம் ஆட்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லி இப்படிப்பட்ட பிசகுகளைச் சேகரித்தார். நன்றாகப் பழகிய வேலையில், பழகிய இடத்தில், மனசு வேறெங்கோ போகும்போதுதான் அவை அதிகம் வந்தன. உங்களுக்கு அந்த வேன் ஹாரன்.

ஈரோடு ஷெட் (ஓய்வு):
அம்மிணி, 34 வருஷம் ரயில் ஓட்டியவன் சொல்கிறேன். ஒவ்வொரு சிக்னலையும் நானும் அசிஸ்டென்ட்டும் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்வார். ஜப்பானில் கையை நீட்டிக் காட்டியும் சொல்கிறார்கள். ஆயிரம் பச்சை பார்த்த கண்ணுக்கு அடுத்ததும் பச்சையாகவே தெரியும். ஒரு மழை ராத்திரி சங்ககிரிக்கு முன்னால் நான் "பச்சை" என்றேன். பக்கத்தில் இருந்த பையன் "மஞ்சள், சார்" என்றான். வைப்பர் ஒரு சுற்று போய் வந்தது. மஞ்சள்தான். பிரேக் பிடித்தேன். அடுத்த சிக்னல் சிவப்பு. அந்தப் பையன் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால்? இன்றைக்கும் அவனை நினைத்துக்கொள்வேன்.

அதனால் டப்பாவோடு விட்டுவிடாதீர்கள், அப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "புதன்கிழமை, காலை சர்க்கரை மாத்திரை" என்று நீங்கள் சொல்லுங்கள். "புதன்கிழமை, போட்டுக்கொண்டேன்" என்று அவர் சொல்லட்டும். கிழமையை விடாதீர்கள். நேற்றையும் இன்றையும் பிரிப்பது அதுதான். வேன் வருகிற நேரத்தில் மாத்திரை வேண்டாம். பையன் ஏறின பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கீழவாசல் மகள்:
எல்லோருக்கும் நன்றி. டப்பா வாங்கிவிட்டேன். டாக்டரும் எட்டரைக்கு இட்லியோடு கொடுக்கலாம் என்றார். நேற்று "வியாழக்கிழமை" என்று சொல்லிக் கொடுத்தேன். அப்பா மாத்திரையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "இன்றைக்கு வெள்ளி அம்மா" என்றார். காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிதான்.