பிரேக் லைட் எரிகிறது, காலையில் ஷிப்ட் இருக்கிறது, அவசரம்

புதுசா வந்தவன்:
டொராண்டோ, ஸ்கார்பரோவில் இருக்கிறேன். டிசம்பரில்தான் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தோம். வண்டியில் பிரேக் லைட் எரிகிறது. நாளைக்குக் காலை ஐந்தரை மணிக்கு வேர்ஹவுஸ் ஷிப்ட். ப்ரொபேஷன் இன்னும் முடியவில்லை, லீவு கேட்டால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். 401 ஹைவேயில்தான் போக வேண்டும். ஓட்டலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். பழைய வண்டி வாங்கியிருக்கவே கூடாது என்று வீட்டில் சண்டை வேறு.

மிசிசாகா ஆள்:
பல்ப் தானே ப்ரோ? டிக்கியைத் திறந்தால் உள்பக்கம் ஹோல்டர் இருக்கும். கொஞ்சம் திருப்பினால் கையோடு வந்துவிடும். பார்ட்ஸ் கடையில் பல்ப் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

புதுசா வந்தவன்:
பின்னாடி இல்லை சார். ஸ்டியரிங்குக்கு முன்னாடி மீட்டரில் எரிகிறது.

பிராம்ப்டன்வாசி:
இதற்குத்தான் வந்த உடனே கார் வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நாங்கள் வந்தபோது முதல் குளிர்காலம் முழுக்க பஸ்தான். மைனஸ் இருபதில் ஸ்டாப்பில் நின்று, பஸ் மாறி, மறுபடி நின்று, கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்றே தெரியாது. அதையெல்லாம் தாங்கினோம். இப்போது வருகிறவர்களுக்கு இறங்கிய மாதமே வண்டி வேண்டும். எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள்?

லண்டன் ஒன்டாரியோ:
பஸ் கதை எதற்கு? விடியற்காலை ஐந்தரைக்கு வேர்ஹவுஸ் இருக்கிற ஏரியாவுக்கு எந்த பஸ் போகிறது? நண்பரே, பிரேக் ஆயில் குறைந்திருக்கும். ஒரு பாட்டில் டாட் 3 பிரேக் ஆயில் வாங்கி ஊற்றுங்கள், லைட் அணைந்துவிடும். நான் என் பழைய சிவிக்கில் இரண்டு குளிர்காலம் இப்படித்தான் ஓட்டினேன்.

விண்ட்சர் அக்கா:
தயவுசெய்து அப்படி மட்டும் செய்யாதீங்க. பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைகிற சாமான் இல்லை. குறைந்தால் ஒன்று பேட் (சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற கட்டை) தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கேயோ ஒழுகும். பேட் தேயத் தேய அதை அழுத்துகிற காலிப்பர் பிஸ்டன் வெளியே தள்ளும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், அதனால் டப்பாவில் மட்டம் இறங்கும். அப்போது மேலே ஊற்றிவிட்டு, பிறகு புது பேட் போட்டால் ஆயில் பொங்கி வழியும். பெயிண்டில் பட்டால் பெயிண்டையே அரித்துவிடும். ஒழுகல் என்றால் கதை இன்னும் மோசம்: லைட் அணைந்துவிடும், ஒழுகல் நிற்காது.

மிசிசாகா ஆள்:
வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ரீடர் ஒன்று வாங்கி மாட்டிப் பாருங்கள், எரர் கோடு (பிழை எண்) வந்துவிடும்.

விண்ட்சர் அக்கா:
ஆயில் மட்டம் காட்டுவது டப்பாவுக்குள் இருக்கிற ஒரு மிதவை சுவிட்ச். அதற்கு எரர் கோடெல்லாம் வராது. விலை குறைந்த ரீடர் பலவும் எஞ்சின் எரர் கோடு மட்டும்தான் படிக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் பக்கமே போகாது.

பிராம்ப்டன்வாசி:
ரீடர், ஆயில் எல்லாம் கிடக்கட்டும். இன்ஷூரன்ஸ் எவ்வளவு கட்டுகிறீர்கள்? எனக்கு வண்டி விலையைவிட அதுதான் அதிகம். ஊரில் பத்து வருஷம் ஓட்டியதை இங்கே ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை.

லண்டன் ஒன்டாரியோ:
ஊர் லைசென்ஸ் அனுபவத்துக்கான சான்று, டிரைவிங் எக்ஸ்ட்ராக்ட், கொண்டு வந்தீர்களா? ஜி1 (முதல் கட்ட லைசென்ஸ்) வாங்கிய பின் அடுத்த டெஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் அதனால் குறையும். ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் அதைப் பார்த்துச் சிரிப்பான். விண்டர் டயர் போட்டிருந்தால் தள்ளுபடி கேளுங்கள், 2016-இலிருந்து ஒன்டாரியோவில் கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

பிராம்ப்டன்வாசி:
கொடுத்தார்கள், கொடுத்தார்கள். ஒரு காபிக் காசு.

பழைய கராஜ்காரர்:
தம்பிமார், இன்ஷூரன்ஸைப் பிறகு பேசலாம். அந்தப் பிள்ளைக்கு விடிய வேலை. தம்பி, நீர் சொன்னதில் தேவையானது ஒன்றும் இல்லை. என்ன கார், எந்த வருஷம்? லைட் சிவப்பா, மஞ்சளா? வட்டத்துக்குள்ளே ஆச்சரியக்குறியா, அல்லது ஏபிஎஸ் என்று எழுத்தா? பக்கத்தில் வேறு லைட் எரியுதா? எப்பவும் எரியுதா, விட்டு விட்டா? ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கிப் பார்த்தீரா? மிதிக்கும்போது கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போகுதா?

ஏன் கேட்கிறேன் என்றால், மஞ்சள் ஏபிஎஸ் மட்டும் என்றால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும், மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். சிவப்பும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். சிவப்போடு பற்றரி லைட் வந்தால் பழைய ஜப்பான் கார்கள் சிலதில் அது பிரேக்கே இல்லை, ஆல்ட்டர்னேற்றர்.

புதுசா வந்தவன்:
மன்னிக்கணும் அண்ணா, பதற்றத்தில் எழுதிவிட்டேன். 2009 கொரோலா. சிவப்பு, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. வேறு லைட் எதுவும் இல்லை. போன வாரம் திருப்பத்தில் மட்டும் ஒரு நொடி மின்னி அணைந்தது. இன்று பார்க்கிங்கில் இறங்கும்போது வந்தது, அப்புறம் அணையவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கினேன், மாற்றம் இல்லை. பெடல் கொஞ்சம் மெத்தென்று இருக்கிற மாதிரி இருக்கிறது. குளிருக்கு அப்படியோ என்று நினைத்தேன்.

பழைய கராஜ்காரர்:
திருப்பத்திலும் இறக்கத்திலும் மின்னினது என்றால் மட்டம் மினிமம் கோட்டடிக்கு வந்துவிட்டது. வண்டி சாயும்போது ஆயிலும் சாயும், மிதவை இறங்கும், லைட் எரியும். ஒரு வாரத்துக்குள் நிரந்தரமாக எரியுது என்றால் குறைந்துகொண்டே போகுது. பேட் தேய்ந்தால் இவ்வளவு வேகமாகக் குறையாது. இப்ப ஒரு டோர்ச் எடுத்துக்கொண்டு கீழே போம். பொனற்றைத் திறந்தால் டிரைவர் பக்கம் கண்ணாடிக்குக் கிட்ட வெள்ளை டப்பா. மூடியைத் திறக்காதேயும், வெளியிலேயே கோடு தெரியும். பிறகு நாலு சில்லுக்கும் உள்பக்கம், டயரின் உள் சுவரில் ஈரம் இருக்கா பாரும். பின் சில்லுகளை வடிவாகப் பாரும், உம்முடைய மொடலில் பின்னுக்குப் பெரும்பாலும் டிரம் பிரேக்காக இருக்கும்.

புதுசா வந்தவன்:
பார்த்தேன். மட்டம் மினிமம் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. பின்னாடி இடது சக்கரத்தில் உள்பக்கம் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கிறது. பனி உருகிய தண்ணீரோ என்று முதலில் நினைத்தேன், ஆனால் வழவழவென்று இருக்கிறது.

பழைய கராஜ்காரர்:
தண்ணீர் வழுக்காது. அது சில்லுக்குள்ளே பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டர், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஆயில் போகிற குழாய், லைன். இங்கே ரோட்டில் போடுகிற உப்புக்கு இரும்பு லைன் அடியில் துருப்பிடித்துப் போகும். இதோடு 401-க்குப் போகாதேயும். பிரேக் இரண்டு தனி சர்க்கியூட். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும், ஆனால் பாதிப் பிடிதான், பெடலும் அடிமட்டத்துக்குப் போகும். லொறிக்குப் பின்னால் நூறில் போகிறபோது அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. ஆயில் ஊற்றிக்கொண்டு மெல்லமாய்ப் போகலாமா என்று கேட்பீர். வேண்டாம். டோ பண்ணும், இழுவை வண்டியில் கராஜுக்கு அனுப்பும்.

லண்டன் ஒன்டாரியோ:
ஒழுகல் என்று தெரிந்தபின் நானும் அதையே சொல்கிறேன். சிஏஏ (வழியில் நின்ற வண்டிக்கு உதவுகிற சங்கம்) மெம்பர்ஷிப் இருக்கிறதா? உங்கள் இன்ஷூரன்ஸிலேயே ரோட்சைடு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பலருக்கு இருப்பதே தெரியாது. தெருவில் தானாக வந்து நிற்கிற டோ வண்டியிடம் கொடுக்காதீர்கள். 2024-இலிருந்து மாகாணச் சான்றிதழ் இல்லாமல் டோ தொழில் நடத்த முடியாது. கட்டணத்தைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பிராம்ப்டன்வாசி:
வேலைக்கு என்ன செய்வார்? டோ பண்ணச் சொல்வது சுலபம்.

விண்ட்சர் அக்கா:
சூப்பர்வைசருக்கு இப்பவே மெசேஜ் போடுங்க தம்பி, காலையில் இல்லை. வண்டி பிரேக் போய்விட்டது, வருவேன், ஆனால் தாமதமாகலாம் என்று எழுதுங்க. அதே ஷிப்டில் இருக்கிறவர்கள் யாராவது ஸ்கார்பரோவிலிருந்து வருவார்கள். குரூப்பில் கேளுங்க, பெட்ரோல் பங்கு தருகிறேன் என்று சொல்லுங்க.

மிசிசாகா ஆள்:
ப்ரோ, என் மச்சான் மெக்கவன் ரோடு பக்கம்தான், அதிகாலையில் ஏர்போர்ட் பக்கம் வேலைக்குப் போகிறான். வழியில் இறக்கிவிடுவானா என்று கேட்டுச் சொல்கிறேன். உங்கள் வேர்ஹவுஸ் எந்த எக்ஸிட் என்று தனி மெசேஜில் அனுப்புங்கள்.

புதுசா வந்தவன்:
அனுப்பிவிட்டேன், ரொம்ப நன்றி. வண்டி வாங்கும்போது விற்றவர் சேஃப்டி சர்டிபிகேட் கொடுத்தார். அதைக் காட்டி அவரிடம் செலவைக் கேட்கலாமா?

பழைய கராஜ்காரர்:
கேட்டுப் பாரும், நம்பி இராதேயும். அது பார்த்த அன்றைக்கு வண்டி குறைந்தபட்ச தரத்தில் இருந்தது என்கிற சீட்டு, உத்தரவாதம் இல்லை.

கராஜில் இதைச் சொல்லும்: எழுத்தில் எஸ்டிமேற் வேண்டும். எழுதின தொகையைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடுதலாக எடுக்க முடியாது, ஒன்ராறியோ சட்டம் அது. கழற்றின பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லும். வீல் சிலிண்டர்தான் என்றால் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லும், மற்றதுக்கும் அதே வயசு. ஆயில் ஊறின பிரேக் ஷூவை (டிரம்முக்குள்ளே உரசிப் பிடிக்கிற கட்டை) துடைத்துப் போட விடாதேயும், புதுசாகவே போட வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். பிறகு லைனுக்குள் இருக்கிற காற்றை எடுத்து, முழு ஆயிலும் மாற்றட்டும். வண்டி லிஃப்டில் நிற்கிறபோதே லைன் முழுக்கத் துருவைக் காட்டச் சொல்லிப் படம் எடும். லைனும் போயிருந்தால் விலை மாறும், அப்ப அவசரப்பட்டு ஓம் சொல்லாமல் படத்தை இங்கே போடும்.

மிசிசாகா ஆள்:
மச்சான் சரி என்றுவிட்டான். நாலே முக்காலுக்கு பில்டிங் வாசலில் நில்லுங்கள். லேட் ஆனால் போய்விடுவான், அவனும் ப்ரொபேஷன்தான்.