சங்கமா, மன்றமா, இயக்கமா? ஒரே வேலைக்காக கூடுற எங்களுக்கு எந்த வார்த்தை சரி?

ஏரிக்கரைவாசி:
வணக்கம். தாம்பரம் பக்கம் இருக்கோம். எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு ஏரி, ஆகாயத்தாமரை மூடி தண்ணியே தெரியாம கெடந்துச்சு. ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல 26 பேர் எறங்கி அள்ளிட்டு இருக்கோம், ரிட்டயர்டு ஆனவங்க, காலேஜ் பசங்க, மகளிர் குழு அக்காங்க, ஒரு ஆட்டோ அண்ணன்னு எல்லாரும் கலந்துதான். இதுவரைக்கும் பேரே கெடையாது, வாட்சப்ல 'ஏரி சண்டே'ன்னு இருக்கு அவ்ளோதான். போன வாரம் கழிவுநீர் லாரி கொட்டறதப் பத்தி மனு குடுக்கப் போனா "எந்த அமைப்புலேர்ந்து வரீங்க"ன்னு கேட்டாங்க, எங்களுக்கு பதில் சொல்லத் தெரியல. இப்ப பேர் வெக்கலாம்னு உக்காந்தா ஆளுக்கொரு வார்த்தை. பெரியவங்க சங்கம்ங்கறாங்க, பசங்க இயக்கம்ங்கறாங்க, குழுன்னு வெச்சா லோன் கட்டற குழுன்னு நெனச்சு தெருவுல யாரும் வரமாட்டாங்கன்னு அக்காங்க சொல்றாங்க. இந்த வார்த்தைங்களுக்குள்ள நெஜமாவே வித்தியாசம் இருக்கா?

பெரம்பூர் தோழர்:
இருக்கு தோழர். எங்க ஏரியாவுலயே நடந்த கதை சொல்றேன். பெரம்பூர், பட்டாளம் பக்கம் மில் தொழிலாளிங்க சாயங்காலம் வேலை முடிஞ்சு வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபான்னு ஒரு எடத்துல கூடுவாங்க, பக்திப் பேச்சு கேக்கறதுக்கு. அங்க பேச வந்தவங்கள்ல திரு.வி.க.வும் ஒருத்தர். சாமி கதை கேக்க வந்த எடத்துலயே மில்லுல படற கஷ்டத்தையும் பேச ஆரம்பிச்சாங்க, அதுலேர்ந்துதான் 1918 ஏப்ரல் 27ல சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்துச்சு, பி.பி.வாடியா தலைவர். அதே ஆளுங்கதான், ஆனா சபாவுல இருந்தவரைக்கும் கேக்கறவங்க, சங்கம் ஆனதும் சந்தா கட்டி, நோட்டுல பேர் எழுதி, முதலாளிகிட்ட போய் பேசறவங்க. சங்கம்னா அதுதான், நீங்க யார்கிட்டயாவது ஒண்ணு கேட்டு வாங்கணும்னா அந்த வார்த்தை வேணும்.

தமிழ் வாத்தியார்:
மேல சொன்னது சரி. சங்கம்ங்கறதே பௌத்தத் துறவிகளோட கூட்டத்துக்கு இருந்த பேரு, அதுக்கு ஆரம்பத்துலேர்ந்தே விதி, உறுப்பினர் எல்லாம் உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை கழகத்தோடது. திருக்குறள்ல சூது அதிகாரத்துல 'கவறும் கழகமும் கையும்'னு வருது, அங்க கழகம்னா சூதாடற எடம்! கம்பர்கிட்ட வரும்போது கலை கத்துக்கற எடமாயிடுது. அப்பறம் 1944ல சேலம் மாநாட்டுல நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேர் மாத்திக்கிச்சு. அந்த நீதிக்கட்சிக்கு 1916ல மொதல்ல வெச்ச பேரு தென்னிந்திய நல உரிமைச் சங்கம்ங்கறதையும் பாருங்க, சங்கம், கட்சி, கழகம் மூணையும் ஒரே அமைப்பு பாத்துடுச்சு. இன்னிக்கு பஸ் ஓட்டறதும் போக்குவரத்துக் கழகம்தான், படிக்கறதும் பல்கலைக்கழகத்துலதான், ஆனாலும் தெருவுல ஒரு போர்டுல கழகம்னு பாத்தா ஜனங்களுக்கு கொடி நெனப்புதான் வரும், அதனால உங்களுக்கு வேணாம். மன்றம்னா ஊர்ப் பொதுவுல மரத்தடில கூடற எடம், ஆள விட எடம்தான் அதுல முக்கியம், மாநகராட்சி கவுன்சிலர்ங்க கூடற எடத்த மாமன்றம்னு சொல்றது அதனாலதான். இயக்கம் வேற மாதிரி, சுயமரியாதை இயக்கம் மாதிரி ஒரு எண்ணம் ஊர் ஊரா நகந்துட்டே இருக்கும். உங்க வேலை ஒரு ஏரியோட நிக்கறது, அதுல எந்தக் கொறையும் இல்ல, ஆனா இயக்கம்ங்கற வார்த்தை அதுக்குப் பெருசு.

அல்லிக்கேணி:
கோஷ்டி மட்டும் வேணாம் சார். எங்க பார்த்தசாரதி கோயில்ல பிரபந்தம் சேவிக்கறவங்கள கோஷ்டின்னுதான் சொல்வோம், அதுல ஒருத்தரா நிக்கறது பாக்கியம்னு தாத்தா சொல்வாரு. அதே வார்த்தை பேப்பர்ல வந்தா 'கோஷ்டி மோதல்'. ஒரு நல்ல வார்த்த இப்படி ஆயிடுச்சேன்னு எனக்கு எப்பவும் வருத்தம்.

ஏரிக்கரைவாசி:
எல்லாருக்கும் நன்றி, வாட்சப்ல அப்படியே போட்டுட்டேன். வாத்தியார் சொன்ன எடம் விஷயம் மனசுல நிக்குது, ஏன்னா எங்கள ஒண்ணா வெச்சிருக்கறதே அந்தக் கரைதான், வேற எந்த விதத்துலயும் நாங்க ஒரே ஆளுங்க இல்ல.

கல்வெட்டுப் பித்தன்:
உங்க வேலைக்குன்னே தமிழ்ல 1100 வருஷம் முன்னாடியே ஒரு வார்த்தை இருந்துச்சுங்க, ஏரி வாரியம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919லயும் 921லயும் வெட்டினது. ஊர 30 'குடும்பு'ன்னு, இப்ப வார்டு மாதிரி, பிரிச்சு, ஓலைல பேர் எழுதி குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லி ஆள் தேர்ந்தெடுத்திருக்காங்க. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், பொறுப்பு 360 நாள்தான். முன்னாடி பொறுப்புல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேர குடத்துல போடக்கூடாது, அவன் சொந்தக்காரங்க பேரையும் கூடாது. நெலமும் வேதப் படிப்பும் இருந்தவங்களுக்கு மட்டுந்தான் அந்தக் குடம், அதனால அதை ஜனநாயகம்னு தூக்கிப் பேச எனக்கு மனசு வரல, ஆனா அந்தக் கணக்கு விதிய நீங்க அப்படியே எடுத்துக்கங்க. ஊர்ல பாதி சங்கம் ஒடையறது கணக்குலதான், நான் பாத்திருக்கேன். வார்த்தைய எடுத்துக்க முடியாது, இப்ப வாரியம்னா மின்வாரியம், குடிநீர் வாரியம்தான், நீங்களும் ஒரு கவர்மெண்ட் ஆபீஸ்னு நெனச்சுப்பாங்க.

கோர்ட் வாசல்:
சுருக்கமா சொல்றேன். பதிவு பண்ணணும்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, கொறஞ்சது 7 பேர் வேணும், உங்ககிட்ட 26 இருக்காங்க. சட்டத்துக்கு நீங்க சங்கம், ஆனா பேர்ல அந்த வார்த்தை இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, மன்றம்னும் வெக்கலாம், அறக்கட்டளைன்னு மட்டும் வெக்காதீங்க, அது வேற வகைப் பதிவு.

ஏரிக்கரைவாசி:
ஞாயித்துக்கிழமை கரையிலயே உக்காந்து பேசினோம். பதிவு பண்றது சங்கமாத்தான், கணக்கு நோட்டு வருஷத்துக்கு ஒரு கை மாறும்னும், கணக்கு காட்டாம யாரும் அடுத்த பொறுப்புக்கு வரக்கூடாதுன்னும் விதிலயே எழுதறோம். பேரு 'ஏரிக்கரை மன்றம்'. குழு அக்காதான் மொதல்ல சொன்னாங்க, "மன்றம்னா யார் வேணா வந்து உக்காரலாம்ல, நம்ம தெருவுல சொன்னா வருவாங்க"ன்னு. ஆட்டோ அண்ணனுக்கு மட்டும் ரசிகர் மன்றம்னு நெனச்சுடுவாங்களோன்னு இன்னும் சந்தேகம், அதனால போர்டுல பேருக்குக் கீழ 'ஞாயிறு காலை 6 மணி, மண்வெட்டியோட வாங்க'ன்னு எழுதச் சொல்லியிருக்கோம்.