ஜூலை 2க்கு ஆர் கார் எடுக்கிறது?

அக்கா: பக்கத்து வீட்டு இத்தாலிப் பாட்டி ஜூலை 2 தன்னை டவுனுக்குள்ள அந்திரேயா தேவாலயத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டவ. எனக்கு அண்டைக்கு வேலை. ஆரிட்டக் கார் நிக்குது?

பெரியம்மா: அண்டைக்கெல்லோ அப்பப்பான்ர திவசம்

மச்சான்: 3ஆம் திகதி பெரியம்மா

பெரியம்மா: திகதி இல்லை, திதி. போன வருசமும் இப்பிடித்தான் பிழைச்சது

தம்பி: தோட்டத்தில என்ன அக்கா

அக்கா: அரண்டோரா ஸ்டார் கப்பல்ல செத்த ஆக்களின்ர நினைவிடம். பாட்டியின்ர அப்பாவும் அதிலதான் போனவர்

மாமி: அதில போனது முழுக்க இத்தாலிச் சர்வாதிகாரி முசோலினீன்ர ஆக்களாம். எங்கட மற்றக் குழுவில வந்தது. நாங்கள் ஏன் உதுக்குள்ள

சித்தப்பா: பொறுங்கோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. 1940 ஜூன் 10 முசோலினி சண்டைக்கு வந்த உடன இங்க பிரிட்டன்ல இத்தாலிக்காரரை அள்ளத் தொடங்கீட்டினம். 16இல இருந்து 70 வயசு ஆம்பிளையள், வந்து 20 வருசம் ஆகாதவை. அதுக்கு மேல கனகாலம் இருந்தவைக்கு உளவுத்துறை எம்ஐ5 தனிப் பட்டியல் வச்சிருந்தது. டெச்சியோ அன்சானி எண்டு ஒருத்தர், லண்டன்ல தையல்காரர். பிறந்தது ஃபோர்லி, முசோலினீன்ர ஊருக்குக் கிட்ட. கடைசிவரைக்கும் முசோலினியை எதிர்த்தவர், மனித உரிமைச் சங்கத்தின்ர இத்தாலியப் பிரிவுச் செயலாளர். அவரையே 'ஆபத்தான ஆள்' எண்டு எழுதி வச்சிருந்தவை. ஒரு விசாரணையும் இல்லை.

சித்தப்பா: ஜூலை 1 லிவர்பூல்ல இருந்து கனடாவுக்கு ஏத்தினவை. தளமெல்லாம் முள்ளுக்கம்பி. அடுத்த நாள் விடிய அயர்லாந்துக்கு அங்கால ஜெர்மன் நீர்மூழ்கி யு-47 அடிச்சது. அரை மணித்தியாலம் மட்டிலதான், கப்பல் மூழ்கீட்டுது. 800க்கு மேல செத்தவை, அதில 440க்கு மேல இத்தாலியர். அன்சானியும் அதுக்குள்ள.

தம்பி: ஐயோ

மச்சான்: என்ர கார் தரலாம். ஆனா போன முறை பின்பக்கம் நெளிஞ்சுதான் திரும்பி வந்தது 🙂

தம்பி: அது நானில்லை!!

மாமி: எனக்கு வந்ததைத்தான் சொன்னனான்

அக்கா: பாட்டிக்கு அப்ப மூண்டு வயசு. அப்பான்ர ஐஸ்கிரீம் அள்ளுற கரண்டியை இப்பவும் குசினியில கொழுவி வச்சிருக்கிறா மாமி. கைபிடி தேஞ்சு போச்சு, ஆனாலும் ஞாயிறு ஞாயிறு மினுக்குவா. அவரின்ர உடல் வரேல்ல

பெரியம்மா: உங்கட பெரியப்பாவையும் பட்டியல்ல பேர் இருக்கெண்டுதானே கொண்டு போனவை

பெரியம்மா: திவசம் செய்யவும் திகதி இல்லை

அக்கா: 🙏

சித்தப்பா: ஓம் அண்ணி

பெரியம்மா: அப்பப்பான்ர அலுவலை விடியவே முடிப்பம். நானும் பாட்டியோட வாறன். அவவை முன் சீற்றில இருத்துங்கோ, கால் நீட்டோணும்

மாமி: நான் வடை சுட்டுத் தாறன். பாட்டி உறைப்புச் சாப்பிடுவாவோ?

மச்சான்: அப்ப ஆர் ஓடுறது?

தம்பி: நான் ஓடுறன்

மச்சான்: வேற ஆரும்?

அக்கா: எத்தினை மணிக்கு எண்டு பாட்டியைக் கேட்டுச் சொல்லுறன்