14 அங்குல லேப்டாப்: ஆன்லைனில் 38,990, ரிச்சி தெருவில் 41,500, உள்ளூர் ஷோரூமில் 43,990. எங்கே வாங்குவது?

காஞ்சித்தறி:
வணக்கம். என் தம்பி இந்த வருஷம் பி.காம் சேர்ந்திருக்கிறான். தினமும் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போய் வர வேண்டும். அதனால் 14 அங்குலத்துக்கு மேல் போகாத, கனமில்லாத லேப்டாப்பாகப் பார்க்கிறோம். எக்செல், டேலி என்ற கணக்கு சாப்ட்வேர், அவ்வப்போது ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் அவனுக்கு வேலை. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பைத்தான் இத்தனை வருஷமும் மூன்று பேரும் மாற்றி மாற்றி ஓட்டினோம். இப்போது ஒயரைப் பிடுங்கினால் பத்து நிமிஷம்கூட நிற்பதில்லை.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. அப்பா தறிக்கூலியில் சேர்த்தது. தப்பாக வாங்கிவிட்டு இன்னொன்று வாங்க வழியில்லை.

மூன்று இடத்தில் விசாரித்தேன். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே சீரிஸ். மூன்றிலும் ஐ3 பிராசசர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்றுதான் சொல்கிறார்கள்.

ஆன்லைனில் 38,990. ஒரு குறிப்பிட்ட பேங்க் கிரெடிட் கார்டு இருந்தால் 3,000 குறையுமாம். எங்கள் வீட்டில் யாரிடமும் அந்தக் கார்டு இல்லை.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மாமா நேரில் போய்க் கேட்டார். பை, மவுஸ் சேர்த்து 41,500. பில் வேண்டாம் என்றால் 39,000க்குத் தருவதாகச் சொன்னார்களாம்.

எங்கள் ஊர் ஷோரூமில் 43,990. அங்கேயும் பை, மவுஸ் உண்டு.

ஒரே பொருளுக்கு 5,000 ரூபாய் வித்தியாசம் எப்படி வருகிறது? ஆன்லைனிலேயே போட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுதுபட்டறை:
அவசரப்படாதேம்மா. சேலத்தில் 14 வருஷமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். உன் கேள்வியில் 'ஒரே பொருள்' என்று இருக்கிறதே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். சீரிஸ் பெயர் என்பது வீட்டுப்பெயர் மாதிரி. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி நாலு பேர் இருப்பார்கள். ஒருவருக்குத் திரை மட்டமாக இருக்கும், ஒருவருக்கு ரேம் போட இடமே இருக்காது. ஆன்லைனுக்கு என்றே தனியாக ஒரு மாடலை இறக்குவதும் பல கம்பெனிகளில் உண்டு.

மூன்று இடத்திலும் முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்கு. பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும், எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாக வரும். கடைசி எழுத்து வரைக்கும் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பொருள். அதை வைத்து கம்பெனி சைட்டில் தேடி, பிராசசர் எண், ரேம் எப்படிப் பொருத்தியிருக்கிறது, திரை என்ன வகை என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வா. அப்புறம் விலையைப் பேசுவோம்.

வைகைக்கரை:
பில் இல்லாமல் 39,000 என்ற பேச்சே வேண்டாம் தங்கச்சி. பில் தேதியை வைத்துத்தான் வாரண்டியே. நாளைக்கு மதர்போர்டு போனால் எதைக் காட்டுவாய்? கடைக்காரர் முகத்தையா?

காஞ்சித்தறி:
அண்ணா, நீங்கள் சொன்னது சரிதான். ஷோரூமில் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தேன். மாமா ரிச்சி தெருக் கடைக்கு போன் போட்டு வாட்ஸ்அப்பில் வாங்கினார். இந்த இரண்டும் ஒரே எண், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆன்லைனில் இருப்பதற்குக் கடைசி நாலு எழுத்து வேறு.

ஆன்லைன் மாடல்: ஐ3-1215யு, ரேம் முழுக்க போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியது, கூடுதல் ரேம் செருக ஸ்லாட் இல்லை, திரை டிஎன் வகை.
கடை மாடல்: ஐ3-1315யு, 8 ஜிபி போர்டில், அதுபோக ஒரு ஸ்லாட் காலி, திரை ஐபிஎஸ் வகை. எம்எஸ் ஆபீஸும் சேர்த்தே வருகிறது.

ஷோரூமில் இருந்தவர் "அது 12ஆவது தலைமுறை, இது 13ஆவது, அதனால்தான் விலை" என்றார். அந்த வித்தியாசத்துக்காக இவ்வளவு கொடுக்கலாமா?

பழுதுபட்டறை:
பார்த்தாயா, 5,000 வித்தியாசத்தில் பாதி இங்கேயே கரைந்துவிட்டது.

தலைமுறைக் கதையை மட்டும் நம்பாதே. 1215யு, 1315யு இரண்டிலும் 6 கோர்தான். உச்ச வேகம் ஒன்றில் 4.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்றில் 4.5. டேலி போடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்காக நான் 500 ரூபாய்கூட அதிகம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஸ்லாட்டுக்கும் திரைக்கும் கொடுக்கலாம். என் பட்டறைக்கு வாரம் ரெண்டு மூணு பேராவது வந்து "ஸ்லோ ஆகிவிட்டது, ரேம் ஏற்றிக் கொடுங்கள்" என்று நிற்கிறார்கள். திறந்து பார்த்தால் எல்லாம் போர்டோடு ஒட்டியது. அப்படியே மூடிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. போன மாதம் ஒரு நர்சிங் படிக்கும் பெண் அழாத குறையாகத் திரும்பிப் போனது. டிகிரி முடிய மூன்று வருஷம், அப்புறம் வேலை தேடும் காலம் வேறு. ஸ்லாட் இருந்தால் நடுவில் 8 ஜிபி சேர்த்துக்கொள்ளலாம். இப்போதே வாங்க வேண்டாம். 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. ஸ்லாட் இருக்கிறது என்ற நிம்மதி இப்போதைக்குப் போதும்.

டிஎன் திரையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் நிறம் வெளிறிப்போகும், ஐபிஎஸில் அப்படி ஆகாது. டிஎன்னில் எக்செல் கட்டங்களின் மெல்லிய கோடு மறைந்தே போகும். நாள் பூராவும் கணக்குப் பார்க்கிற பையனுக்கு அது கண்ணைப் பிடுங்கும். ஷோரூமில் டிஎன், ஐபிஎஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், உனக்கே தெரியும்.

சேதுக்கரை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கடையில் வாங்குவதுதான் எப்போதும் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். எங்களுக்கு நல்ல கடை வேண்டுமென்றால் மதுரை போக வேண்டும். ரெண்டு பேர் பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாய் தாண்டுகிறது. அங்கே போனாலும் நாம் கேட்ட மாடல் இருக்காது, இருப்பதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆன்லைனில்தான் வாங்கினேன், இன்றுவரை ஒரு குறையும் இல்லை. சரியான மாடல் எண்ணைத் தேடி, விற்பவர் யார் என்று பார்த்து, திறந்து காட்டி டெலிவரி கொடுக்கிற வசதியைத் தேர்ந்தெடுத்தேன். டெலிவரி பையன் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, பொருளைப் பார்த்த பிறகுதான் ஓடிபி சொன்னேன்.

மலைக்கோட்டை டீச்சர்:
சேதுக்கரை தம்பி சொல்வது நியாயம். ஆனால் எனக்கு நடந்ததையும் கேளுங்கள். ஆன்லைனில் வாங்கிய லேப்டாப்பில் திரையின் நடுவே ஒரு பச்சைப் புள்ளி. ஐந்தாம் நாள்தான் கவனித்தேன். 'மாற்றித் தரப்படும், பணம் திரும்பாது, 7 நாள்' என்பதுதான் விதி. டெக்னீஷியன் வர மூன்று நாள் ஆனது. வந்தவர் ஒரு புள்ளியெல்லாம் குறையில் சேராது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கம்பெனியிலும் அதையேதான் சொன்னார்கள். இன்றைக்கும் அந்தப் புள்ளியோடுதான் பாடம் நடத்துகிறேன்.

அதனால் எங்கே வாங்கினாலும் முதல் நாளே வெள்ளைப் படம் ஒன்று, கறுப்புப் படம் ஒன்று திரை முழுக்க வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்துவிடம்மா. குறை இருந்தால் அன்றே எழுத்தில் பதிவு செய். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நான் அதைக் கேள்விப்பட்டபோது நாள் கடந்துவிட்டது.

காஞ்சித்தறி:
நன்றி டீச்சர். இன்னொரு சந்தேகம். ஆன்லைனில் வட்டியில்லாத் தவணை என்று போட்டிருக்கிறது. கையில் இருக்கும் பணத்தைச் செலவழிக்காமல் ஆறு மாதமாகக் கட்டலாமே என்று அம்மா கேட்கிறார். அப்புறம், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறது, அவர் பெயரில் பில் போட்டால் 18 சதவீதம் திரும்ப வரும் என்று மாமா சொல்கிறார். நிஜமா?

பேரேடு:
ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறேன், இது இரண்டுக்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஜிஎஸ்டி. லேப்டாப் விலைக்குள் 18 சதவீத வரி இருப்பது உண்மை. 41,500இல் 6,330 ரூபாய் சொச்சம் வரிதான். ஆனால் வியாபாரத்துக்காக வாங்கினால்தான் அதைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். தம்பி படிக்க வாங்குவதை அந்த அக்காவின் கடைக் கணக்கில் ஏற்றுவது தவறு. நாளைக்கு மாட்டிக்கொண்டால் வரியை வட்டியோடு அவர்தான் கட்ட வேண்டும். அதுபோக, பில் அவர் பெயரில் இருந்தால் வாரண்டிக்கும் ஒவ்வொரு முறையும் அவரைத் தேடி ஓட வேண்டும். இதைச் செய்யாதீர்கள்.

தவணை விஷயம் கொஞ்சம் நுணுக்கம். பூஜ்ய வட்டி என்று கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி கொடுப்பார். வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். 38,990க்கு ஆறு மாதம், 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வட்டி 1,650 ரூபாய் அளவுக்கு வரும், அதன்மேல் ஜிஎஸ்டி கிட்டத்தட்ட 300. செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதற்கும் வரி சேர்த்து 235. ஆக மொத்தம் 530 ரூபாய் சொச்சம் கூடும். இது பெரிய தொகை இல்லை, அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் கையில் பணம் இருக்கும்போது தேவையில்லை.

கடையில் கிரெடிட் கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கேட்பார்கள், 41,500க்கு அது 830 ரூபாய். யுபிஐயில் அனுப்பிவிடுங்கள்.

பழுதுபட்டறை:
இப்போது பேரத்துக்கு வருவோம். ரிச்சி தெருவும் உங்கள் ஊர் ஷோரூமும் ஒரே எண் என்றால் உன் கையில் நல்ல பிடி இருக்கிறது. ஆன்லைன் விலையைக் காட்டினால் "அது வேற மாடல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ரிச்சி தெருவில் அதே எண்ணுக்குக் கொடுத்த விலையை எழுத்தில் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது. மாமாவிடம் அந்த வாட்ஸ்அப்பை உனக்கு அனுப்பச் சொல். பை, மவுஸ் வேண்டாம், அதைக் கழித்துச் சொல்லுங்கள் என்றும் கேள். கொசுறாகக் கொடுக்கும் பை பெரும்பாலும் ஆறு மாதத்தில் ஜிப் போய்விடும்.

ரிச்சி தெருவுக்கே போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போகாதே, பெரும்பாலான கடை பூட்டியிருக்கும். ஆனால் காஞ்சியிலிருந்து இரண்டு பேர் போய் வரும் செலவையும் விலையில் சேர்த்துப் பார். பத்து மாதம் கழித்து ஏதாவது என்றால் வாரண்டிக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், கடை இல்லை. அது எந்த ஊரில் இருக்கிறது, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, வீட்டுக்கே ஆள் வருவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்.

வாங்கும்போது பெட்டியில், லேப்டாப் அடியில், பில்லில், மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். அதைக் கம்பெனி சைட்டில் போட்டால் வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்று காட்டும். பழைய ஸ்டாக் என்றால் சில மாதம் முன்பே தொடங்கியதாகக் காட்டலாம். பயப்படாதே, பில்லை அனுப்பினால் திருத்திவிடுவார்கள். ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திற. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலி என்று அர்த்தம்.

மலைக்கோட்டை டீச்சர்:
ஒன்று விட்டுப்போயிற்று. கடைப் பையன்கள் உதவி செய்கிறேன் என்று அவர்களே விண்டோஸை ஏற்றித் தருவார்கள். அப்போது தங்கள் இமெயிலைப் போட்டுவிட்டால், கூட வரும் எம்எஸ் ஆபீஸ் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். என் மாணவன் ஒருவனுக்கு அப்படி ஆகி, பிராஜெக்ட் நேரத்தில் ஆபீஸ் திறக்காமல் தவித்தான். தம்பிக்கு இன்றைக்கே சொந்தமாக ஒரு மைக்ரோசாப்ட் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டை எழுதி எடுத்துக்கொண்டு போ.

காஞ்சித்தறி:
வாங்கிவிட்டோம்! எங்கள் ஊர் ஷோரூமிலேயே.

வாட்ஸ்அப்பைக் காட்டியதும் மேனேஜர் இரண்டு மூன்று முறை எண்ணைச் சரிபார்த்தார். உள்ளே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து 41,500 என்றார். பை, மவுஸ் வேண்டாம் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்து 40,800க்கு முடித்தார். கையில் இருந்த 40,000 போக, பற்றாத 800ஐ மாமா போட்டார். யுபிஐதான், தம்பி பெயரிலேயே பில்.

கவுண்டரிலேயே பிரித்தோம். சீரியல் எண் மூன்று இடத்திலும் ஒன்றுதான். அங்கிருந்த அண்ணன் விண்டோஸ் ஏற்றும்போது டீச்சர் சொன்ன மாதிரியே தன் இமெயிலை அடிக்கத் தொடங்கினார். தம்பி உடனே "அண்ணா, என்னோடதைப் போடுங்க" என்று சீட்டை நீட்டினான். மெமரி பக்கத்தில் இரண்டில் ஒன்று என்றுதான் காட்டியது. வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்து வெள்ளை, கறுப்பு இரண்டும் வைத்துப் பார்த்தோம், ஒரு புள்ளிகூட இல்லை. அப்பாவும் தறியை விட்டு எழுந்து வந்து எங்களோடு இருட்டில் நின்று பார்த்தார்.

வாரண்டி மட்டும் நாலு மாதம் முன்பே தொடங்கியதாகக் காட்டுகிறது அண்ணா. பில்லை எங்கே அனுப்ப வேண்டும்?

பழுதுபட்டறை:
ரொம்ப சந்தோஷம்மா. கம்பெனி சைட்டில் சப்போர்ட் பக்கத்துக்குள் வாரண்டி தேதியைத் திருத்தக் கோரும் படிவம் இருக்கும். பில்லைத் தெளிவாகப் போட்டோ எடுத்து அதில் ஏற்று. சீரியல் எண் பில்லில் படிக்கிற மாதிரி தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். படிவம் கிடைக்காவிட்டால் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, புகார் எண் வாங்கி வைத்துக்கொள். இந்த வாரத்துக்குள் செய்துவிடு. பில்லின் மை சீக்கிரம் மங்கிவிடும், இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவை.