லேசிக் செய்த கண்ணோடு ஏ.எல்.பி. மெடிக்கல் போகலாமா? விதி மாறிவிட்டதா?

குமரன்_அரக்கோணம்:
வணக்கம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு, ரயில்வே அசிஸ்டெண்ட் லோகோ பைலட் (ஏ.எல்.பி., ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) தேர்வுக்கு இரண்டு வருடமாகப் படிக்கிறேன். பவர் மைனஸ் 1.5 இருந்ததால் 2022-ல் லேசிக் (பவரைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சை) செய்துகொண்டேன். இப்போது கண்ணாடி இல்லாமலே 6/6 தெரிகிறது. கோச்சிங்கில் "மெடிக்கல் விதி மாறிவிட்டது, இனி கண்ணாடியே போடலாம்" என்கிறார்கள். எங்கள் மாமா (அக்கா வீட்டுக்காரர்) கூட்ஸ் ரயில் ஓட்டுகிறார், அவரும் கண்ணாடிதான் போட்டிருக்கிறார். லேசிக் செய்தவர்களை எடுப்பார்களா?

ஓய்வு_லோகோபைலட்:
தம்பி, இரண்டு விதியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். வேலையில் சேரும்போது ஒரு அளவுகோல், சேர்ந்த பிறகு வேறு அளவுகோல்.

சேரும்போது ஏ-1 என்ற மருத்துவத் தகுதிப் பிரிவு, கண்ணுக்கு மிகக் கடுமையானது. இரண்டு கண்ணிலும் 6/6, கண்ணாடி இல்லாமல். அதோடு ஃபாகிங் டெஸ்ட் உண்டு: கண்ணுக்கு முன்னால் பிளஸ் 2 பவர் லென்ஸ் வைப்பார்கள், எழுத்து மங்க வேண்டும். மங்காமல் படித்துவிட்டால் தேர்ச்சி இல்லை. பார்வைக் குறையைக் கண் தானே முறுக்கிச் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நிறம், இரவுப் பார்வை எல்லாம் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

சேர்ந்த பிறகு 45 வயது வரை 4 ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பின் ஆண்டுதோறும் மெடிக்கல். அதில் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். உங்கள் மாமா போட்டிருப்பது அந்தக் கண்ணாடிதான். ஆனால் பையில் இன்னொரு ஜோடி இருந்தே ஆக வேண்டும். ஒருமுறை மழை இரவில் ஜோலார்பேட்டை தாண்டி என் கண்ணாடி நழுவி விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. முன்னால் சிக்னலில் தெரிவது ஒரு மஞ்சள் விளக்கா, இரண்டு மஞ்சளா? ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். அசிஸ்டெண்ட் "டபுள் யெல்லோ" என்று குரல் கொடுத்தார். ஆனால் நானும் பார்த்துச் சொல்ல வேண்டுமே. பையிலிருந்த இரண்டாவது ஜோடியை மாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குமரன்_அரக்கோணம்:
நன்றி ஐயா. ஆனால் எனக்கு இப்போது 6/6 இருக்கிறதே?

ஓய்வு_லோகோபைலட்:
இருக்கலாம். ஆனால் பார்வைக் குறையைச் சரிசெய்ய லேசிக் போன்ற சிகிச்சை செய்தவர்கள் ஏ.எல்.பி.-க்குத் தகுதியில்லை என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லேசிக் செய்த தடத்தைக் கண் டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் கண்டுபிடித்துவிடுவார்.

தேன்மொழி_ஈரோடு:
அண்ணா, என் கதையும் இதுதான். முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு, சைக்கோ டெஸ்ட் என்ற கணினி வழித் திறன் சோதனையின் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்சம் வேண்டிய 42 டி-ஸ்கோர் (தரப்படுத்திய மதிப்பெண்; இது எல்லாப் பிரிவினருக்கும் ஒன்றுதான், சலுகை கிடையாது), எல்லாம் தாண்டி மெடிக்கலில் போய்த் தோற்றேன். ஏ.எல்.பி. மெடிக்கலில் தோற்றால் மாற்று வேலையும் கிடையாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குக் கண் கெட்டால்தான் மாற்றுப் பணி தருவார்கள். பாடப் புத்தகம் வாங்கும் முன் கண்ணைப் பரிசோதியுங்கள் என்று எந்த கோச்சிங்காவது சொல்கிறதா? அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நீங்கள் பிளஸ் டூ முடித்திருந்தால் என்.டி.பி.சி. (ரயில்வேயில் தொழில்நுட்பம் சாராத வேலைகளுக்கான தேர்வு) பாருங்கள். அதில் ஜூனியர் கிளார்க், அக்கவுண்ட்ஸ் கிளார்க் வேலைகளுக்கு மெடிக்கலில் சி-2 பிரிவு, கண் அளவுகோல் மிகவும் தளர்வு. டைப்பிங் தெரிந்திருக்க வேண்டும். நான் இப்போது அதற்குத்தான் படிக்கிறேன். கணக்கும் ரீசனிங்கும் படித்தது வீண்போகாது.

குமரன்_அரக்கோணம்:
பிளஸ் டூவில் 71 சதவீதம் இருக்கிறது. நாளைக்கே டைப்பிங் வகுப்பில் சேர்கிறேன். மாமாவிடம் கேட்டேன், பையைத் திறந்து காட்டினார். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இரண்டாவது கண்ணாடி இருந்தது.