பனியன் கம்பெனிக் கழிவை அமுக்கிக் கட்ட எந்த இயந்திரம் வாங்கலாம்?

தையல்தளம் (கேள்வி):
திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நிர்வாகம் பார்க்கிறேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 கிலோ கட்டிங் வேஸ்ட், 60 கிலோ அட்டைப்பெட்டி, கொஞ்சம் பாலிதீன் உறை சேர்கிறது. கேன்டீன் கழிவு தனி. கிடங்கு 12 அடிக்கு 15 அடி, தகரக்கூரை 10 அடி உயரம். ஒரு விற்பனையாளர் 40 டன் விசையோடு அமுக்கிப் பொதியாக (பேல்) கட்டும் பேலிங் பிரஸ்தான் வேண்டும் என்கிறார். இன்னொருவர் 20 டன் போதும் என்கிறார். மூன்றாமவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அமுக்கும் கன்டெய்னர் காம்பாக்டரை விற்கப் பார்க்கிறார். யாரை நம்புவது?

பழைய ஃபிட்டர்:
மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடுங்கள் சார். அந்த இயந்திரம் குப்பையாகவே கொட்டப்போகிற பொருளுக்கு. உங்கள் துணிக்கும் அட்டைக்கும் விலை இருக்கிறது. சோற்றோடு சேர்த்து அமுக்கினால் அந்த விலை போய்விடும். கேன்டீன் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை அமுக்கினால் நாற்றத் தண்ணீர் வடியும், அவ்வளவே. அதை உரமாக்கவோ சாண எரிவாயுக் கலத்துக்கோ அனுப்புங்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு வந்தால் மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்றுதான் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லின. எனவே தரம் பிரிப்பது எப்படியும் உங்கள் தலையில்தான் விழும்.

இனி டன் கணக்கு. விளம்பரத் தாளில் அச்சடித்திருப்பதை விடுங்கள். தகட்டை எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் சிலிண்டரின் உள்விட்டம் எத்தனை, எத்தனை பாரில் (பார் என்பது அழுத்த அளவு) ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். 125 மி.மீ. சிலிண்டர், 200 பார் என்றால் ஏறக்குறைய 25 டன். அதே சிலிண்டரைக் காட்டி 40 டன் என்று சொல்பவரிடம் தேநீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவாருங்கள். அந்த 25 டன் 90×60 செ.மீ. அமுக்கும் தகட்டின் வழியே இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் வரும். 120×80 என்றால் இரண்டரைக் கிலோ சொச்சம்தான். டன் ஒன்றுதான், இறுக்கம் வேறு.

பின்னல் துணி விட்டால் எழும்பும், லைக்ரா கலந்தது இன்னும் மோசம். துணியைப் போட்டு அமுக்கும் இயந்திர அறையின் சுவரில், துணி திரும்ப எழும்பாமல் பிடிக்கும் கொக்கிகள் இருக்க வேண்டும். பட்டை கட்டி முடிக்கும்வரை அழுத்தம் குறையாமல் நிற்கவும் வேண்டும். செய்துகாட்டச் சொல்லும்போது அவர்கள் அட்டையைத்தான் போடுவார்கள். நீங்கள் இரண்டு மூட்டை லைக்ரா வெட்டுத்துணியைக் கையோடு கொண்டுபோங்கள்.

மேலிருந்து கீழே அமுக்கும் வகையில் சிலிண்டர் அந்த அறைக்கு மேலே நிற்கும். 10 அடிக் கூரையில் பலவும் நுழையாது. இரட்டைச் சிலிண்டரைக் குறுக்காகப் பொருத்திய குள்ள வகையைக் கேளுங்கள்.

வேஸ்ட் கடை:
வாங்குபவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. என் கடையில் ஃபோர்க்லிஃப்ட் கிடையாது. 60, 70 கிலோ பேல் என்றால் இரண்டு பேர் தூக்கிவிடுவார்கள். 300 கிலோவில் கட்டி அனுப்பினால் இறக்க ஆளில்லை. உங்கள் வியாபாரியிடம் கேட்டுவிட்டுப் பேல் அளவை முடிவு செய்யுங்கள். வெள்ளையையும் கலரையும் கலக்காதீர்கள். கழிவுத் துணியைப் பஞ்சாக்கி மீண்டும் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் மில்லுக்கு நிறம் பிரித்த சரக்குதான் வேண்டும், அந்த நூலுக்குச் சாயம் போட வேண்டியதில்லை. லைக்ராவைத் தனியே கட்டுங்கள். பேலுக்குள் பாலிதீன் இருந்தால் மில் திருப்பி அனுப்பும். புதிதாகப் பேல் போடுகிறவர்களிடம் முதல் சில பேல்களைப் பிரித்துப் பார்த்துத்தான் நான் விலை சொல்வேன்.

பழைய ஃபிட்டர்:
கடைக்காரர் சொல்வது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இயந்திரம் துடைத்த எண்ணெய்த் துணி எந்தப் பேலிலும் போகக் கூடாது. அது அபாயகரக் கழிவுப் பட்டியலில் வருகிறது, தீப்பிடிக்கிற பொருளும்கூட.

தையல்தளம்:
மிக்க நன்றி அண்ணா. பழைய இயந்திரம் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. போய்ப் பார்க்கலாமா?

பழைய ஃபிட்டர்:
பாருங்கள். அழுத்தம் ஏற்றி மோட்டாரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் அழுத்தம் காட்டும் கேஜைக் கவனியுங்கள். முள் வேகமாக இறங்கினால் சீலோ வால்வோ போய்விட்டது. சிலிண்டர் தண்டில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், மோட்டார் ஓடும்போது அல்ல. கடைசியாக, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வைத்து இறக்கும் பொத்தானை அழுத்துங்கள். தகடு அசைந்தால், கதவு சுவிட்சைக் கம்பி போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பாதி விலை என்ன, இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.