கான்ஃபரன்ஸ் மாறும் பல்கலைக்கழகம் யாருக்கு விசுவாசமாக இருக்கும்?

மேற்குவாசல் கேட்டது:
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்புதான் கான்ஃபரன்ஸ். டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸுக்குப் போவதாக 2021 ஜூலையில் அறிவித்தன. உள்ளே போனது 2024 ஜூலை 1-ல். நடுவில் மூன்று சீசன் பழைய இடத்திலேயே ஆடின. போகிற போக்கில் 2023 பிக் 12 கோப்பையையும் டெக்சாஸ் எடுத்துக்கொண்டு போனது. இப்படிப்பட்ட இடைக்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் நிர்வாகக் குழுவில் யார் நலனுக்காக ஓட்டுப் போடும்? புது இடத்தில் நிலைத்து நிற்கும் என்பதற்கு என்ன பிடி? பழைய போட்டியாளரோடு ஆடும் ஆட்டம் என்ன ஆகும்? விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒப்பந்தவாசகன்:
பிடி இரண்டு: வெளியேறும் கட்டணம், கிராண்ட் ஆஃப் ரைட்ஸ். முதலாவது பேரத்துக்கு உட்பட்டது. மேரிலாந்து பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போனபோது அதன் பழைய கான்ஃபரன்ஸான ஏ.சி.சி. கேட்டது 5.2 கோடி டாலருக்கும் மேல், 2014-ல் 3.14 கோடியில் சமரசம் ஆனது.

இரண்டாவதுதான் உண்மையான பூட்டு. தன் மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டு வரை கான்ஃபரன்ஸுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வெளியேறினாலும் அந்த உரிமை அவர்களோடு வராது. சொந்த மைதான ஆட்டத்தைக் காட்ட முடியாத அணிக்குப் புது கான்ஃபரன்ஸின் டிவிக்காரர்கள் ஏன் பணம் தரப்போகிறார்கள்? டெக்சாஸும் ஓக்லஹோமாவும் மூன்று வருடம் காத்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஒரே ஒரு வருடம் முன்னதாகக் கிளம்புவதற்கு இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுத்தன.

பேக்-12 கான்ஃபரன்ஸ் சரிந்தது இந்தப் பூட்டு திறந்ததால்தான். அங்கே டிவி ஒப்பந்தமும் உரிமைக் காலமும் 2024 கோடையில் ஒன்றாக முடிந்தன, அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஐந்தும் போயின. நூறாண்டுப் பாரம்பரியம் என்று பேசியதெல்லாம் பூட்டு இருந்தவரைதான்.

நடுமைதானம்:
ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். விலகல் அறிவிப்புக் கொடுத்த உறுப்பினருக்கு நிர்வாகக் குழுவில் இடமில்லை என்று பல கான்ஃபரன்ஸ்களின் விதியிலேயே இருக்கும். பேக்-12-ல் இருந்த யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகங்கள் இரண்டும் 2022 ஜூன் 30-ல் பிக் டென்னுக்குப் போவதாகச் சொன்னதும், இந்த விதியைக் காட்டித்தான் பேக்-12 அவர்களைக் குழுவிலிருந்து ஒதுக்கியது. அடுத்த வருடம் மேலும் எட்டு பல்கலைக்கழகங்கள் போவதாக அறிவித்த பிறகு, தங்களுக்கு இன்னும் ஓட்டு உண்டு என்று அவை வாதிட்டன. பேக்-12-ல் மிச்சமிருந்த ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நீதிமன்றம் போயின. வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுண்டி நீதிமன்றம் 2023 நவம்பரில் இந்த இருவர் பக்கம் நின்றது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. கடைசியில் போகிற பத்தும் மொத்தம் 6.5 கோடி டாலர் விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. கிளம்புகிறவர் கையில் கஜானா சாவி இருக்கக் கூடாது. என்னைக் கேட்டால், எல்லாக் கான்ஃபரன்ஸும் இந்த ஒரு வரியை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதி வைக்க வேண்டும்.

மேற்குவாசல்:
நன்றி, தெளிவாகிவிட்டது. பழைய ஆட்டங்கள்?

அட்டவணை:
அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும். வழக்கமான சீசனில் 12 ஆட்டம். பிக் டென்னில் 9 உள்கான்ஃபரன்ஸ் ஆட்டம் போனால் மிச்சம் 3. அதில் ஒன்றிரண்டைச் சொந்த மைதானத்தில், சின்ன அணிக்குப் பணம் கொடுத்து வரவழைத்து ஆடுவார்கள், டிக்கெட் வருமானத்துக்காக. மீதி இடத்துக்கும் பல வருடம் முன்பே ஒப்பந்தம் போட்டிருப்பார்கள்; முறித்தால் அபராதம். அதனால் “இடம் இல்லை” என்ற பதில் பாதி உண்மை. மனது வைத்தால் இடம் கிடைக்கும்.

மனது வைத்ததற்கு உதாரணம் ஆப்பிள் கப். வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 2028 வரை ஆட ஒப்பந்தம் செய்தன. ஆனால் நவம்பர் கடைசியில் நடந்த ஆட்டம் செப்டம்பருக்கு வந்துவிட்டது; நவம்பர் வாரங்களைக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் அடைத்துக்கொள்கின்றன. மறுபக்கம் ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 2023 நவம்பர் 4-ல் ஆடியதோடு ஆண்டுதோறும் ஆடும் வழக்கம் நின்றது. டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம் இரண்டும் 2011-க்குப் பிறகு 2024 வரை மோதவே இல்லை. ஒரே கான்ஃபரன்ஸுக்குள் வந்த பிறகுதான் மறுபடி ஆடின. இது வருத்தமான விஷயம். ரசிகனின் விசுவாசம் அந்த ஒரு சனிக்கிழமையில்தான் இருக்கிறது.

ஒப்பந்தவாசகன்:
புதிதாக வருகிறவர் பங்கையும் கவனியுங்கள். எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம் ஒன்பது வருடம் ஏ.சி.சி.யின் டிவி பங்கே வேண்டாமென்று சேர்ந்தது. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் ஏறக்குறைய பாதிப் பங்குக்குத்தான் ஒப்புக்கொண்டன. முழுப் பங்கு வரும்வரை இவை எங்கும் நகராது. ஏ.சி.சி.யில் நிலைமை வேறு. அதன் உறுப்பினர்களான ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன் அதோடு நடத்திய வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமானபோது வெளியேறும் கட்டணம் 2025-26-க்கு 16.5 கோடி டாலர் என்று வைத்தார்கள். அது வருடம் 1.8 கோடி குறைந்து 2030-31-ல் 7.5 கோடியில் நிற்கும்; கட்டிவிட்டால் ஒளிபரப்பு உரிமையும் கூடவே வரும். அடுத்த பெரிய நகர்வை அந்த வருடத்தை ஒட்டித்தான் நான் எதிர்பார்க்கிறேன்.